உழைப்பும் உடற்பயிற்சியும்: வன்னி உழவரை முன்வைத்து ஒரு விளக்கம்

உடற்பயிற்சி ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு, உழைப்போருக்கு அது வேண்டியதில்லை என்றொரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இதில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் நெகிழ்வு, தசைவலு, உடற்கூட்டமைவு ஆகிய மூன்று அடிப்படைக் கருத்துக்களின் துணைகொண்டு நோக்கும்போது அதன் குறைபாடு புலனாகும். இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய குளங்களை நம்பி நெல் விளைவிக்கும் வன்னிப் பெருநிலம் இதனை விளக்கத் தக்க களமாகும்.

நெகிழ்வு என்பது ஒரு மூட்டு தன் இயல்பான எல்லைவரை தடையின்றி அசையும் ஆற்றலாகும். கையால் அரிவு வெட்டுபவரின் இடுப்பு நன்கு மடியும். தொடையின் பின்தசைகள் நீளும். ஆயின் அவ்வசைவு ஒரே திசையிலேயே நிகழ்கின்றது. மணிக்கணக்கில் குனிந்திருக்கும் முள்ளந்தண்டின் இழையங்கள் தளர்ந்து நோவுக்கு இடமளிக்கின்றன. இடையிடையே நிமிர்ந்து பின்வளைதலும், வேலை முடிந்து உடல் சூடாயிருக்கையில் தசைகளை மெதுவாக நீட்டி 10 முதல் 30 விநாடிகள் நிறுத்துதலும் இக்குறையை ஈடுசெய்ய உதவும்.

தசைவலு, பழகிய அளவுக்குச் சற்று மேற்பட்ட பளுவைத் தசை எதிர்கொள்ளும்போதே வளர்கின்றது. முதற் சில வாரங்களில் நரம்புகள் கூடுதலான தசைநார்களை இயக்கக் கற்றுக்கொள்கின்றன. பின்னரே தசைநார்கள் தடிக்கின்றன. இவ்வளர்ச்சிக்கு ஓய்வும் புரதமும் இன்றியமையாதன. உழைப்பும் பயிற்சியும் வேறுபடுவது இவ்விடத்திலேயாம். பயிற்சியில் பளுவின் அளவையும் ஓய்வையும் செய்பவரே தீர்மானிக்கின்றார். கூலிக்கு நெல்மூடை சுமப்பவருக்கோ அவற்றை வேலையும் கூலியுமே தீர்மானிக்கின்றன. தோள் நோகின்றதென்று மறுநாள் ஓய்ந்திருக்க அவரால் இயலாது. ஓய்வுநேரப் பயிற்சி இதயத்துக்கு அளிக்கும் பாதுகாப்பைக் கடும் தொழில் உழைப்பு எப்போதும் அளிப்பதில்லை எனச் சில ஆய்வுகள் காட்டுவதும் இவ்விடத்து நோக்கற்பாலது.

உடற்கூட்டமைவு என்பது உடல் நிறையில் கொழுப்பு எவ்வளவு, தசையும் என்பும் பிறவும் எவ்வளவு என்னும் விகிதமாகும். தராசு இதனைக் காட்டாது. 2004இல் புனே நகர மருத்துவ அறிஞர் யாஜ்னிக்கும் இலண்டன் அறிஞர் யுட்கினும் தம்மையே எடுத்துக்காட்டாக்கினர். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி 22.3, ஆயின் உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்குச் சுட்டி 23இலேயே கவனம் வேண்டுமெனக் கூறியது. எனவே மெலிந்த தோற்றம் நலத்துக்குச் சான்றாகாது. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் முதுகின் சுமையைக் குறைத்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் உழைப்புக் குறைந்தும் சோற்றின் அளவு குறையாதவிடத்துத் தசை தேய, வயிற்றுக் கொழுப்புப் பெருகும். நீரிழிவுக்கு அது வழிவகுக்கும். தென்னாசிய ஆண்களில் 90 சென்ரிமீற்றரும் பெண்களில் 80 சென்ரிமீற்றரும் எட்டும் இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கைக்குரியது.

2009இல் முடிவுற்ற போர் இம்மண்ணில் அவயவம் இழந்தோரையும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரையும் விட்டுச் சென்றது. சக்கர நாற்காலியைக் கையால் உந்துபவரின் தோள்கள் கால்களின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. உந்தும் மார்புத் தசைகள் இறுகுவதால் அவற்றை நீட்டவும், பின்தோள் தசைகளை இழுவைப் பயிற்சியால் வலுவூட்டவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதன்முறையாகப் பரிந்துரைகளை வகுத்தது. வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான அசைவும், இரு நாள் தசைவலுப் பயிற்சியும் அதில் அடங்கும்.

ஆயினும் நேரமும் புரத உணவும் ஓய்வும் இல்லாதவரிடம் பயிற்சி செய்யுமாறு உபதேசிப்பது பயன் தராது. உடல்நலம் தனிமனித ஒழுக்கம் மட்டுமன்று. உழைப்பு நிலைமைகளோடு பிணைந்த சமூகப் பிரச்சினையுமாகும். கூலி, உணவு, ஓய்வு, கிராமந்தோறும் இயன்மருத்துவ வசதி என்பன பற்றிப் பேசாத உடற்பயிற்சிப் பிரசாரம் வன்னியில் பாதி அறிவியலாகவே நிற்கும்.