நொண்டும் குதிரையின் நோய்மூலம்

மாலையில் வயிறாரப் புல் தின்று, நான்கு கால்களையும் சீராக ஊன்றி லாயத்துக்குள் புகுந்த குதிரை, மறுநாட்காலையில் ஒரு முன்னங்காலைத் தரையில் வைக்கவே மறுத்து, குளம்பின் நுனி மண்ணில் பட்டும் படாமலும் தலையைத் தொங்கவிட்டு நிற்குமானால், அதைக் காணும் குதிரைக்காரருக்கு முதலில் உண்டாவது எலும்பு முறிந்துவிட்டதோ என்னும் பீதியே. அந்தப் பீதி இயற்கையானது. ஆனால் ஓர் இரவுக்குள் இவ்வளவு கடுமையாக நொண்டத் தொடங்கும் குதிரைகளிடம் வைத்தியர்கள் வேறெதையும்விட அடிக்கடி காண்பது முறிவன்று, குளம்பினுள் கட்டிய சிறிதளவு சீழ். மாறாக, நடையில் இலேசான தயக்கம் ஒன்றைத் தவிர வேறு துன்பம் எதையும் காட்டாத குதிரையின் தசைநாண் உள்ளே கிழிந்திருந்து, ஓராண்டுக் காலம் அதை வேலைக்கு உதவாமல் செய்துவிடுவதும் உண்டு. நொண்டலின் கடுமையைக் கொண்டு நோயின் கடுமையை அளக்க முடியாது என்னும் இந்த உண்மையை மனத்தில் இருத்தாதவர்கள், சில நாளில் குணமாகக்கூடிய பிராணியைக் கைவிடவும், ஓய்வு ஒன்றாலேயே பிழைக்கக்கூடிய பிராணியை வண்டியில் பூட்டவும் துணிந்துவிடுகிறார்கள்.

குதிரையின் காலமைப்பைச் சற்று அறிந்தாலன்றிக் காரணத்தைத் தேடும் முறை விளங்காது. 450 முதல் 500 கிலோ வரை எடையுள்ள தன் சரீரத்தை அப்பிராணி காலுக்கு ஒரு விரலாக நான்கு விரல்களின் நுனியில் தாங்கி நிற்கிறது. முன்னங்காலின் முட்டி என்று நாம் சொல்வது உண்மையில் நம்முடைய மணிக்கட்டுக்கு நேரான மூட்டு. அதற்குக் கீழே உள்ளவை, உள்ளங்கையின் நடு எலும்பும் நடுவிரலும் நீண்டு பருத்தவை. அந்தப் பகுதியில் சதைப்பற்று என்று சொல்லத்தக்கது இல்லை. எலும்பும், தசைநாண்களும், அவற்றை மூடிய தோலுமே உண்டு. விரல்நுனி எலும்போ, கொம்புப் பொருளாலான குளம்பின் சுவரோடு ஏறக்குறைய 600 மெல்லிய ஏடுகளால் பிணைக்கப்பட்டு, அந்தப் பிணைப்பின் பலத்திலேயே பாரத்தைத் தாங்குகிறது. மொத்த எடையில் 100-க்கு 60 பங்கு முன்னங்கால்களின்மேல் விழுவதால் நொண்டல் பெரும்பாலும் அவற்றிலேயே தோன்றுகிறது; அங்கும் குற்றம் குளம்பிலும் அதையடுத்த பகுதியிலும் இருப்பதே அதிகம். இப்படியிருக்க, குதிரை நொண்டியதும் தோளைத் தடவி, தோளுக்கு எண்ணெய் தேய்த்து, தோள் பிசகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் பல தேசங்களிலும் வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது. தோளில் நோய் வராது என்பதில்லை. ஆனால் குளம்பைத் தூக்கிப் பாராமல் தோளுக்குப் போவது வீட்டு வாசலைத் திறந்து பாராமல் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

தேடல் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். குதிரையை அசைக்காமல், அது நிற்கும் நிலையைச் சற்றுத் தள்ளி நின்று நிதானமாகப் பார்ப்பது முதற்காரியம். கால் இயற்கைக்கு மாறான கோணத்தில் திரும்பியிருந்தாலும், தளர்ந்து தொங்கினாலும், மூட்டருகே திடீர் வீக்கமோ காயமோ காணப்பட்டாலும், அங்கேயே அதை நிறுத்திவைத்து வைத்தியரை வரவழைக்க வேண்டுமேயன்றி, ஓரடிகூட நடத்தலாகாது. காலை ஊன்றவே மாட்டாத பிராணியை ஓட்டிப் பார்ப்பது கொடுமை மட்டுமன்று, எலும்பிலுள்ள மயிரிழை விரிசலை முழு முறிவாக்கிவிடும் அவிவேகமும் ஆகும்.

ஓரளவு நடக்கக்கூடிய குதிரையாக இருந்தால், எந்தக் கால் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இது எளிதென்று தோன்றும். ஆனால் அனுபவமுள்ளவர்களும் இதில் தவறுவதுண்டு. கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழுகிற, நம் குதிரைக்காரர்கள் டிராட் என்று சொல்லும் மிதமான ஓட்டத்தில் அதை விட வேண்டும். இந்த ஓட்டத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இயங்குவதால் சிறு பேதமும் வெளிப்படும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது குதிரை தலையை மேலே தூக்கிப் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். தலை தாழும் பக்கமே நோயுள்ள பக்கம் என்று நினைத்து நல்ல காலுக்கு வைத்தியம் செய்தவர்கள் பலர். பின்னங்கால் நொண்டலைப் பின்புறம் நின்று காண வேண்டும். இடுப்பெலும்பு எந்தப் பக்கத்தில் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கமே பெரும்பாலும் நோயுள்ளது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இடப் பின்னங்கால் நோகும் குதிரை, அது விழும்போது கூடவே விழும் வலமுன்னங்காலின்மேல் பாரத்தைச் சாய்ப்பதற்காகத் தலையைத் தாழ்த்துவதால், இடமுன்னங்கால் நோகும் குதிரையைப் போலவே தோற்றமளிக்கும். ஆகவே தலையையும் இடுப்பையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். காதும் உதவும், நல்ல கால் விழும் ஓசை உரத்தும், நோகும் கால் விழும் ஓசை அடங்கியும் கேட்கும்.

கால் இன்னதென்று தெரிந்தபின், வேறெங்கும் கை வைப்பதற்கு முன்னர் குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்பக்கத்தில், இருபுறமும் இறங்கும் இரத்தக்குழாயின்மேல் விரல்களை மெல்ல வைத்தால், சுகமாக ஓய்ந்து நிற்கும் குதிரையிடம் நாடி அரிதாகவே புலப்படும். குளம்பினுள் அழற்சி கண்டிருந்தால் அதே நாடி விரலை எற்றும்படி துள்ளும். குளம்பின் சூட்டையும் புறங்கையால் அறியலாம். ஆனால் வெயிலில் நின்ற குளம்பு ஏமாற்றக்கூடுமாதலால், எதையும் எதிர்க்காலோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். அதன்பின் சேற்றையும் சாணத்தையும் சுரண்டிக் கழுவி, நீண்ட பிடிகளும் வளைந்த வாயும் கொண்ட குறடு ஒன்றால் குளம்பின் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாக அழுத்திச் செல்ல வேண்டும். ஒரு தடவை காலை இழுத்துக்கொண்டால் அது வெறும் கூச்சமாக இருக்கலாம். அதே இடத்தில் ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டால் வலியின் ஸ்தானம் கிட்டிவிட்டது.

குளம்பின் சுவரும் அடித்தட்டும் கூடுமிடத்தில் வெண்ணிறக் கோடொன்று சுற்றிவரக் காணலாம். மழையில் ஊறி மெலிந்தோ, வறட்சியில் வெடித்தோ அந்தக் கோடு இடங்கொடுத்துவிட்டால், மண்துகளோடு கிருமிகள் உட்புகுந்து சீழ் உண்டாகிறது. மற்ற அவயவங்களில் சீழ் கட்டினால் தோல் வீங்கி இடம்விடும். குளம்போ விரியாத கொம்பு. எனவே சீழின் அழுத்தம் முழுவதும் உள்ளிருக்கும் உணர்ச்சிமிக்க திசுவின்மேல் விழுந்து, முறிவென்று மயங்கும்படியான வேதனையைத் தருகிறது. லாடம் அடித்த நாளும் முக்கியம். அடித்த அன்றே நொண்டினால் ஆணி நேராக உயிர்த்திசுவில் தைத்திருக்கலாம். சில நாள் கழித்து நொண்டினால், ஆணி அதை நெருங்கி நின்று அழுத்தியிருக்கலாம், அல்லது அதன் வழியே கிருமிகள் புகுந்திருக்கலாம். லாடத்தைக் கழற்றி ஒவ்வோர் ஆணித்துளையையும் சோதித்து, கரும்புள்ளி தென்படும் இடத்தைக் குளம்புக் கத்தியால் சிறிதளவே திறந்தால், துர்நாற்றமுள்ள கருநிற நீர் வெளிப்படும். அது வடிந்த சில மணி நேரத்திலேயே குதிரை காலை ஊன்றத் தொடங்குவதைக் காண்பது எந்த வைத்தியருக்கும் ஆனந்தம் தருவது. வாசல் சிறியதாக இருப்பதே நல்லது. ஆர்வத்தால் அடித்தட்டை அகலமாக வெட்டிவிட்டால், சீழ் ஆறிய பிறகும் அந்தப் புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்னர் எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, மருந்து வைத்துக் கட்டி, உலர்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும். வழி கிடைக்காத சீழ் குளம்புச் சுவரின் உட்புறமாகவே மேலேறி, மயிர் தொடங்கும் விளிம்பில் உடைத்துக்கொள்ளும். அடியில் புகுந்த கூழாங்கல்லே ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்துவிட்டது என்று முற்காலத்து லாடக்காரர்கள் நம்பியது இதைப் பார்த்துத்தான்.

சின்னஞ்சிறு பொருள் எவ்வளவு பெரிய பிராணியையும் வீழ்த்தக்கூடும் என்பதற்கு ஸ்பெக்டாகுலர் பிட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் வரலாறு பிரசித்தம். 1979-இல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ் ஆகிய இரண்டு பெரும் பந்தயங்களையும் வென்ற அக்குதிரை, ஜூன் மாதத்தில் நடந்த மூன்றாவதான பெல்மாண்ட் பந்தயத்தில் மூன்றாவதாகவே வந்தது. பந்தய நாளின் காலையில் அதன் குளம்பில் ஓர் ஊக்கு குத்தியிருந்ததாகவும், அதைத் தாம் பிடுங்கியதாகவும் அதன் பயிற்சியாளர் பட் டெல்ப் பின்னர் தெரிவித்தார். தோல்விக்கு அந்த ஊக்கே காரணமா, ஓட்டிய இளைஞர் வேகத்தை முன்கூட்டியே செலவிட்டது காரணமா என்ற வாதம் ஓயவில்லை. எனினும் அந்தக் குளம்பு பின்னர்ச் சீழ்பிடித்துச் சிகிச்சைக்கு உட்பட்டது.

ஆணியோ கம்பியோ குளம்பில் தைத்து நிற்பதைக் கண்டவுடன் பிடுங்கி எறியவே கை துடிக்கும். வைத்தியர் விரைவில் வரக்கூடுமானால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, ஆணி மேலும் இறங்காதபடி இருபக்கமும் கட்டை வைத்துக் கட்டி, எக்ஸ்ரே படம் எடுக்கும்வரை விட்டுவைப்பதே விவேகம். பிடுங்கிய மாத்திரத்தில் கொம்பு மூடிக்கொள்வதால், அது எவ்வளவு ஆழம் எந்தத் திசையில் சென்றது என்பது தெரியாமற்போகும். அடிப்பாகத்தின் நடுவே தைத்த ஆணி உள்ளிருக்கும் மூட்டை எட்டியிருந்தால், ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புள்ளது. குதிரை இரணஜன்னிக்கு மிக எளிதில் இரையாகும் பிராணி. அந்நோயின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் நிறைந்துள்ளன. ஆகையால் குளம்பில் எந்தக் காயம் கண்டாலும் தடுப்பூசியின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

குளம்பில் ஒன்றும் அகப்படாவிட்டால், கையைப் படிப்படியாக மேலே கொண்டுபோக வேண்டும். காலெலும்பின் பின்புறத் தசைநாண்களில் சூடோ தடிப்போ உண்டா, மூட்டுக்கள் புடைத்துள்ளனவா, மயிருக்குள் மறைந்த துளைக்காயம் உண்டா என்று விரலால் தேட வேண்டும். மூட்டின்மேல் பட்ட சிறு காயம் முதல்நாள் அற்பமாகத் தோன்றி, இரண்டு மூன்று நாளில் மூட்டு முழுவதையும் கெடுத்துவிடும். இரு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, பாரத்தைக் குதிகாலுக்குத் தள்ளி, திரும்பவே அஞ்சி நிற்கும் குதிரையிடம் நோவது ஒரு கால் அன்று. தானியப் பெட்டியை உடைத்து மிதமிஞ்சித் தின்றதாலோ வேறு உட்கோளாறாலோ குளம்பின் ஏடுகளே அழற்சி கொண்டு பிணைப்பு நெகிழும் லாமினைட்டிஸ் அது. அதை நடத்தாமல், குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் ஆழ்த்தி உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். இன்னும் சில, நொண்டல்போலத் தோன்றினாலும் காலின் நோயே அல்ல. ஐரோப்பாவில் பாரவண்டிக் குதிரைகள் ஞாயிறு முழுவதும் நிறைதீனியோடு ஓய்ந்திருந்து, திங்களன்று வேலைக்குப் பூட்டியவுடன் பின்னுடல் விறைத்து நின்றுவிடுவது சர்வசாதாரணமாக இருந்தது. அங்கே கெட்டது தசை, அதன் அடையாளம் கறுத்த சிறுநீர்.

இவற்றாலும் புலப்படாத வலியைக் கண்டுபிடிக்க வைத்தியர்களிடம் அழகிய உபாயம் ஒன்று உண்டு. காலின் அடியிலிருந்து தொடங்கி, நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசியை ஒவ்வோர் இடமாக மேல்நோக்கிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எந்த ஊசிக்குப் பின் நொண்டல் மறைகிறதோ, வலி அதற்குக் கீழேதான். முறிவென்ற சந்தேகம் உள்ள காலுக்கு இதைச் செய்வதில்லை. வலியறியாத குதிரை முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுவிடும். எக்ஸ்ரேயும் முதல்நாளில் முழுச் சாட்சி ஆகாது. மயிரிழை விரிசல் 10, 14 நாள் கழித்து எடுக்கும் இரண்டாவது படத்திலேயே வெளிப்படுவதுண்டு. காரணம் தெரியுமுன் வலிநிவாரணி கொடுத்து, நொண்டல் நின்றது கண்டு மகிழ்ந்து வேலை வாங்குவதை நான் குற்றமென்றே கருதுகிறேன்; நோயை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும் ஒரே மொழியை அந்த வாயில்லா ஜீவனிடமிருந்து பறிப்பது அது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகளில் ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை என்றும், பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லாததும், குதிரை வைத்தியர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்ததும் அதற்குக் காரணம் என்றும் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் மிகை இருக்கலாம். இன்று அந்த நிலை இல்லை; சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்துவருகிறது. ஆயினும் மெரினா மணலிலும் உதகை ஏரிக்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகள் எல்லாம் வைத்தியரின் கண்ணில் படுவதில்லை. அவற்றின்மேல் குழந்தைகளை ஏற்றும் நம் கண்ணில் படுகின்றன. ஏற்றுவதற்கு முன் அந்தக் குதிரை பத்தடி நடப்பதைப் பாருங்கள். ஒரே முன்னங்கால் விழும்போதெல்லாம் தலை வழக்கத்தைவிட மேலே எழுமானால் சவாரியை மறுத்துவிட்டு, குதிரைக்காரரைக் கோபிக்காமல், எந்தக் கால் விழும்போது தலை எழுகிறது என்பதைச் சொல்லி, அந்தக் குளம்பை அப்போதே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அன்றே குதிரையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.