கொழும்பில் உயரும் மாடி, பரந்தனில் கேட்கும் இருமல்

பரந்தன் சந்தியில் சிறிது நேரம் நின்றால் மணல் ஏற்றிய ரிப்பர்கள் ஏ-9 வீதியால் போவதைக் காணலாம். அதே வீதியால்தான் எமது பிள்ளைகளும் பஸ் ஏறிக் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போகின்றார்கள். போன மணல் திரும்புவதில்லை. பிள்ளைகள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருகின்றார்கள். சிலர் இருமலோடு வருகின்றார்கள்.

சென்ற மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் இழந்தவர். இளையவன் மாடிக் கட்டடமொன்றில் ரைல்ஸ் வெட்டுகின்றான். அவனுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகின்றது.

"பிள்ளை, வந்து நிண்ட நாள் முழுக்க இரவிரவா இருமினவன். கசமெண்டு நினைச்சுச் சளி சோதிச்சம், ஒண்டுமில்லையாம். உந்தத் தூசுக்கும் இப்பிடி வருமே?"

வரும். ரைல்ஸ், கொங்கிறீற், கருங்கல் என்பவற்றை வெட்டும்போது எழும் தூசில் சிலிக்கா என்ற நுண்துகள் இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கோடு நின்றுவிடும். தெரியாத தூசுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாகின்றது. இதனை சிலிக்கோசிஸ் என்பர். கசத்தைப் போலவே இருமலும் இளைப்பும் காட்டும். தழும்பை மாற்ற மருந்தில்லை. ஆனால் தூசை நேரத்தோடு நிறுத்தினால் நோய் முற்றுவதைக் குறைக்கலாம். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும். முகத்தில் கட்டும் துணி இந்தத் தூசைத் தடுக்காது.

கொழும்பின் மாடிகளைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. குறைந்த நிலத்தில் அதிகம் பேர் வாழ்ந்தால் வயலும் காடும் தப்பும், வாகன ஓட்டமும் குறையலாம். தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கும் மேல் உயரம். கொம்பனித்தெரு அல்டெயார் 68 மாடி. அண்ணாந்து பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் மாடி உயர உயர சீமெந்தும் இரும்பும் கூடுகின்றன. சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் சுட்டே சீமெந்து செய்கின்றார்கள். எரிபொருளிலிருந்து மட்டுமன்றி அந்தக் கல்லிலிருந்தும் கரியமிலவாயு வெளியேறுகின்றது. உலகம் வெளிவிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சீமெந்தால் வருவது. கட்டி முடிந்த பின்னரும் லிஃப்ற்றுக்கும் குளிரூட்டிக்கும் மின்சாரம் வேண்டும். நெருங்கி நிற்கும் மாடிகளுக்கிடையில் வாகனப் புகை கலையாமல் தேங்கும். அதை மூச்சில் எடுப்பவர்கள் மேல்மாடியில் இருப்பவர்களல்லர். தெருவோரத்தில் கடலை விற்பவர்கள்.

எட்ட இருப்பதால் நாம் தப்பினோம் என்றும் இல்லை. 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசு வடக்கையும் மூடியது. 9ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று காற்றின் அளவுகளைச் சொன்னது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கட்டடத்தை ஆராய்பவர்களே காற்றையும் அளப்பது பொருத்தமாகத்தான் இருக்கின்றது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூரை தாழ்ந்த குசினியில் ஈரவிறகு ஊதும் எமது பெண்களின் நெஞ்சுக்குள் போகும் புகை கொழும்புத் தெருப்புகைக்குக் குறைந்ததல்ல. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. புகைபோக்கி வைப்பதும் விறகைக் காயவைப்பதும் எம் கையில் உள்ளவை.

மகனின் தூசு எம் கையில் இல்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தொழிலால் வரும் நோய்களையும் உள்ளடக்குகின்றது. ஆனால் எங்கே, யாரிடம், எத்தனை நாள் வேலை செய்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். துண்டில்லாமல் கையில் காசு வாங்கும் பிள்ளைகளிடம் அது ஏது? ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மா எனக்கு முன்னாலேயே மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். "தண்ணி விட்டு வெட்டடா தம்பி" என்றார். "இருபதாம் மாடிக்கு ஆரம்மா தண்ணி தூக்கிறது?" என்றான் அவன். அம்மா விடவில்லை. நெஞ்சுப் படம் எடுக்க வரும் திங்கட்கிழமை கிளிநொச்சி வைத்தியசாலைக்கு வரச் சொல்லியிருக்கின்றார். இரண்டு நாள் சம்பளம் போகும். நானும் கூடப் போகின்றேன்.