மிஷன் பாடசாலையின் மணியோசை



யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே செல்வோர், பாடசாலைப் பெயர்ப்பலகைகள் சிலவற்றிலே 'அ. மி. த. க. பாடசாலை' என்றும், 'மெ. மி. த. க. பாடசாலை' என்றும், 'றோ. க. த. க. பாடசாலை' என்றும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன், மெதடிஸ்த மிஷன் தமிழ்க் கலவன், றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் என்பன அவற்றின் விரிவு. இப்பாடசாலைகளுட் பெரும்பாலானவை 1960ஆம் ஆண்டு முடிவிலிருந்து அரசினருடையவை. அவற்றிலே பயிலும் பிள்ளைகளிற் பலர் சைவர்; கற்பிக்கும் ஆசிரியரிலும் பலர் சைவர். ஆயினும் பலகையிலுள்ள எழுத்துக்களை எவரும் அழிக்க முற்படவில்லை. நான் அதிபராயிருக்கும் பாடசாலையும் அத்தகைய எழுத்துக்களைத் தாங்கியதே. "ஐயா, மிஷன் என்றால் என்ன?" என்று மூன்றாந் தரத்துச் சிறுமி ஒருத்தி வினவினாள். அவளுக்கு இரண்டு வாக்கியத்திலே விடை கூறினேன். உங்களுக்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன்.

கிறித்தவப் பாடசாலை என்பது இந்நாட்டிற்கு அமெரிக்கருடன் வந்த புதுமையன்று. போர்த்துக்கேயர் கோயில்களை அடுத்துப் பாடசாலை வைத்தனர். ஒல்லாந்தர் கோவிற்பற்றுத்தோறும் பாடசாலை அமைத்து, பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைத் தோம்பிலே பதிவு செய்யும் கடமையையும் உபாத்தியாயர் தலையிலே சுமத்தினர். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் உண்டு. இவ்வாறு தண்டத்துக்கு அஞ்சி வந்த பிள்ளைகள், ஒல்லாந்தர் ஆட்சி 1796ஆம் ஆண்டளவில் ஒழிந்ததும் வீடு திரும்பின. தண்டத்தினாற் கூட்டிய வகுப்பு வேறு, விருப்பத்தினாற் கூடிய வகுப்பு வேறு. இந்த வேறுபாட்டை இன்றைய கல்வி அதிகாரிகளும் அவ்வப்போது நினைவுகூர்தல் நன்று.

1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். டானியேல் பூர் என்பவர் தெல்லிப்பழையிலே பாடசாலை தொடங்கினார். அக்காலத்திலே ஊரிற் கல்வி இல்லாதிருந்ததெனக் கருதுதல் தவறு. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. பிள்ளை மணலிலே விரலால் எழுதிப் பழகிப் பின்பு ஓலையும் எழுத்தாணியும் பிடிக்கும். நிகண்டும் எண்சுவடியும் மனப்பாடமாகும். மிஷனரிமார் செய்த புத்திசாலித்தனமான காரியம், இத்திண்ணைப் பள்ளிகளை அழிக்க முற்படாது, அவற்றைப் போன்றே கிராமந்தோறும் பள்ளிகள் வைத்தமையாகும். அவற்றிற்கு உபாத்தியாயராய் அமர்ந்தவரிற் பலர் தொடக்கத்திலே சைவர்களே. நெற்றியிலே திருநீறு அணிந்த ஒருவர், கிறித்தவ வேதத்திலிருந்து வாசகம் படிப்பித்துச் சம்பளம் பெற்றார். இதனைக் கண்டு சிரிப்போரும் உளர். ஊர் மக்கள் தம் பிள்ளைகளை நம்பி அனுப்பியதற்கு, அறிந்த முகம் ஒன்று வாசலிலே நின்றமையே காரணம் என்று நான் எண்ணுகின்றேன்.

புதிதாக வந்தவை எவை? பிள்ளைகளை வயதுக்கும் தகைமைக்கும் ஏற்ப வகுப்பு வகுப்பாகப் பிரித்தல், நேரசூசி, மணி, வரவு இடாப்பு, அச்சுப் புத்தகம் என்பன முதன்மையானவை. 1834இல் மானிப்பாயிலே மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கிய பின்னர், ஒரே பாடத்தை ஒரே நாளில் பல ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கும் நிலை உண்டாயிற்று. மணியைச் சிறிய விடயமென எண்ணற்க. சூரியன் பனைமர உயரம் வந்ததும் பள்ளிக்குப் போதலே வழக்காயிருந்த ஊரிலே, ஒரு மணியோசை முழுக் கிராமத்திற்கும் நேரங் காட்டியது. தோட்டத்திலே நீர் இறைப்போரும் அவ்வோசை கேட்டுத் துலாவை விட்டிறங்கினர் என முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

இனி, அத்தகைய ஆரம்ப பாடசாலையிலே ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதைப் பார்ப்போம். நான் கூறப்போவது சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலிருந்த வழக்கம். பழைய மாணவர் பலரிடம் கேட்டறிந்தது. காலையிலே பிள்ளைகள் வளவு கூட்டுவர். பின்னர் வரிசையாய் நிற்க, ஆசிரியை ஒருவர் நகம், பல், தலை ஆகியவற்றைப் பார்வையிடுவார். மணி அடித்ததும் ஞானப்பாட்டு, செபம், அதன்பின் வேதபாடம். அரிவரிப் பிள்ளைகள் மணலிலும், மேல்வகுப்பார் சிலேற்றிலும் எழுதுவர். வாசிப்பு, கணக்கு, சொல்வதெழுதல் ஆகியவை முற்பகலிலே முடியும். பிற்பகலிலே சிறுமியருக்குத் தையல், எல்லாருக்கும் பன்னவேலை. பனையோலையிலே பெட்டி இழைக்கத் தெரியாத பிள்ளை யாழ்ப்பாணத்திலே எந்த வீட்டிலும் இராது. எனினும் வீட்டு வேலையைப் பாடமாக்கி அதற்குப் புள்ளியிட்டமை, கைத்தொழில் இழிவன்று என்பதை வாய்ச்சொல் இன்றி உணர்த்திற்று. மார்கழியிலே ஒளிவிழா வரும். சைவப் பிள்ளைகள் இடையராயும் தேவதூதராயும் வேடம் புனைந்து நடிப்பர். தாய்மார் வந்து பார்த்து மகிழ்வர். மறுவாரம் அதே பிள்ளைகள் திருவெம்பாவைக்கு விடியற்காலையிலே கோயிலுக்குப் போவர். இதிலே முரண்பாடு இருப்பதாக அப்பிள்ளைகளுக்குத் தோன்றியதில்லை. முரண்பாட்டைக் கண்டவர் பெரியோரே.

கிறித்தவப் பாடசாலையின் விழுமியங்கள் யாவை என்று வினவினால், அன்பு, வாய்மை, தொண்டு என அடுக்கிவிடலாம். அவை எச்சமயத்திற்கும் பொது. பாடசாலையின் விழுமியத்தை அறிய வேண்டின், அங்கே யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். எழுவானும் படுவானும் போல விலகி நின்ற சாதிகளை ஒரே வாங்கிலே இருத்துதல் இலகுவாயிருக்கவில்லை. தொடக்க காலத்திலே வட்டுக்கோட்டையில், மிஷன் வளவிற் சமைத்த உணவை உண்ண உயர்குலத்துப் பிள்ளைகள் இசையாமையால், அயலிலே சைவர் ஒருவரின் காணியிலே சமையற்கூடம் அமைக்கவேண்டியதாயிற்று. மிஷனரிமார் அங்கே விட்டுக்கொடுத்தனர். பல கிறித்தவப் பாடசாலைகளிலே நெடுங்காலம் சில பிள்ளைகள் நிலத்திலும் சிலர் வாங்கிலும் இருந்தனர் என்பதை மறைத்தலாகாது. 1929ஆம் ஆண்டளவிலே, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற கட்டளை வந்தபோது, குடாநாட்டிலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஓலைக் கூரைக்கு ஒரு தீக்குச்சி போதும். அந்தத் தீக்குப் பின்பும் மறுநாள் மரநிழலிலே வகுப்பு நடத்திய உபாத்தியாயர்களின் பெயர்களை எந்தச் சரித்திர நூலும் கூறவில்லை. என் மதிப்பிலே, வேதபாடம் முழுவதையும் விட அந்த வாங்கே அதிகம் போதித்தது.

பெண் கல்வியின் கதையும் இத்தகையதே. 1824இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. பெண் எழுத்தறிந்தாற் கைம்பெண் ஆவாள் என்று அஞ்சிய காலம் அது. தையல் பழக்குகிறோம் என்று அழைத்தே எழுத்தும் பழக்கினர். எலிசா அக்னியூ அம்மையார் 1840ஆம் ஆண்டிலே இங்கு வந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டு அப்பாடசாலையிலே உழைத்து, 1883இல் மானிப்பாயிலே காலமானார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பிற்றிலர். அவரிடம் கற்ற பெண்கள் ஊர்தோறும் சென்று கிராமப் பள்ளிகளிலே ஆசிரியைகளாயினர். இன்று நம் ஆரம்ப வகுப்புக்களிலே கற்பிப்போரிற் பெரும்பாலோர் பெண்களாயிருப்பது இயல்பென எண்ணுகின்றோம். அவ்வியல்பு உண்டாக்கப்பட்ட ஒன்று.

ஆனால், இப்பாடசாலைகள் வாரி வழங்கிய கல்விக்கு ஒரு விலையும் இருந்தது. விடுதிப் பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரியின் பெயர் அப்பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களைக் கேட்கும்போது இது விளங்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பெயருக்கு முன்னும் அத்தகைய பெயர் ஒன்று ஒட்டியிருந்தது. அவரும் விசுவநாதபிள்ளையும் 1857இலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர்; அவ்விருவரும் பின்னாளிலே சைவத்துக்கு மீண்டனர். நன்றி பாராட்டுதல் ஒரு விழுமியமே. ஆனாற் பத்து வயதுப் பிள்ளையிடம் அதனைப் பெயர்மாற்றமாக வாங்குதல் தகுமோ? தகாது என்றே நான் கருதுகின்றேன். ஆசிரியத் தொழில் பெறுவதற்காகக் கோயில் மாறியவர் கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. வயிற்றுக்காக மாறினவரைப் பழிப்பதிலும், அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்த ஒழுங்கைக் கேள்வி கேட்பதே நியாயம்.

அந்தக் கேள்வியை ஆறுமுக நாவலர் கேட்டார். அவர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, வேதாகம மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணை நின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அங்கே வகுப்புப் பிரிவும் ஒழுங்கும் மிஷன் பாடசாலையிற் கண்டவையே. பாலபாடங்களோ அவர் எழுதியவை. எதிர்த்த பாடசாலையிடமே முறையைக் கற்றுக்கொண்டமை அவருடைய பெருமை. 1923இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றிய பின்பு, ஊர்தோறும் சைவப் பாடசாலைகள் எழுந்தன. போட்டியினால் இலாபமடைந்தவர் பிள்ளைகள். ஒரே ஒழுங்கையிலே இரண்டு பாடசாலைகள் பிள்ளைகளை அழைத்தபோது, இரண்டும் கூரை வேய்ந்தன. இரண்டும் கிணறு வெட்டின. சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைக்கும் பிடியரிசி முறை இரு பகுதியாருக்கும் உதவிற்று.

1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அது கட்டணம் வாங்கிய ஆங்கிலப் பாடசாலைகளையே பெரிதும் பாதித்தது. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலைகளிலே கட்டணம் என்பது முன்னரே இருந்ததில்லை. பெரிய மாற்றம் 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் உண்டாயிற்று. உதவி பெற்ற பாடசாலைகள் யாவும் அவ்வாண்டு மார்கழி முதல் அரசினர் முகாமையின் கீழ் வந்தன. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் கட்டடங்களையும் காணிகளையும் அரசுக்கு உடைமையாக்கிற்று. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள் உதவிப்பணம் இன்றித் தனித்து நிற்க விரும்பின், நிற்கலாம் என்று இடமளிக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் அவ்வாறு நின்றன. மூன்றாம் தரத்தினவான சிறிய ஆரம்ப பாடசாலைகளுக்கு அத்தெரிவு இல்லை. நாட்டின் பல பாகங்களிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளே இருந்து மறியல் செய்தனர். பத்திரிகைகள் பெரிய கல்லூரிகளைப் பற்றி எழுதின. ஒழுங்கையிலுள்ள ஓட்டுக் கட்டடத்தை எவரும் கவனித்திலர். அங்கே ஒரு காலை அதே மணி அடித்தது. அதே ஆசிரியர் வந்தார். சம்பளப் பத்திரத்திலே மாத்திரம் வேறு கையொப்பம் இருந்தது.

இம்மாற்றத்தாற் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. தொழிலுக்காகச் சமயம் மாறவேண்டிய நிலை ஒழிந்தது. இது சிறு பேறன்று. இன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சமயத்தையே பாடமாகக் கற்கின்றது. பாடநூல் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இழந்தது யாதெனில், பாடசாலை நம்முடையது என்ற உரிமையுணர்ச்சி. முன்னர்க் கூரையில் ஓடு உடைந்தால், சபையாரும் ஊராரும் ஏணி கொண்டு வந்தனர். இப்பொழுது வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதுகின்றோம். மழை பெய்து முடிந்த பின் பதில் வருகின்றது.

1990இன் பின் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 1995இலே வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோதும், பழைய இடாப்புக்களும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் பலவாறாக அழிந்தன. இரண்டு தலைமுறையின் வரவுப் பதிவை வைத்திருக்கும் பாடசாலை இன்று அரிது. ஆதலால், மேற்கூறியவற்றிற் பலவற்றை முதியோரின் நினைவிலிருந்தே திரட்டவேண்டியதாயிற்று. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுள் எவரிடமேனும் அத்தகைய பாடசாலை ஒன்றின் பழைய இடாப்போ, புகைப்படமோ, ஒளிவிழா நிகழ்ச்சித்தாளோ இருக்குமாயின், அதன் ஒரு பிரதியை அப்பாடசாலைக்கே கொடுத்துதவுவீர்களாக. எங்கள் பாடசாலையிலே சமயபாட வேளையில் சைவப் பிள்ளைகள் மண்டபத்திலும், கிறித்தவப் பிள்ளைகள் நால்வர் என் அலுவலக விறாந்தையிலும் இருந்து படிக்கின்றனர். அந்நால்வருக்கும் கற்பிக்க வாரம் இருமுறை அயற் பாடசாலை ஆசிரியை ஒருவர் சைக்கிளில் வருகின்றார். அவர் வரத் தாமதிக்கும் நாட்களிலே, மண்டபத்துப் பிள்ளைகள் பாடும் தேவாரத்தை அந்நால்வரும் கேட்டுக்கொண்டிருப்பர். இப்பொழுது அதன் பண்ணும் தாளமும் அவர்களுக்கு மனப்பாடம்.