குளிர்பதன அறைக்குப் பட்டைத் திரை: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

விலை வீழ்ந்த நாளில் காய்கறியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல், சில நாள் வைத்திருந்து விற்கச் சிறு குளிர்பதன அறை பெரிதும் உதவுகிறது. இன்று பல ஊர்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் விவசாயக் குழுக்களும் இத்தகைய அறைகளை வைத்திருக்கின்றன. ஆனால் மின் கட்டணம் கட்டும்போது, கிடைத்த லாபத்தில் பாதி அதற்கே போய்விட்டதே என்ற மனக்குறை எழுவதுண்டு. குளிர் வீணாகும் முக்கிய வழி அறையின் வாசல்தான். அதைத் தடுக்கும் எளிய சாதனம், வாசலில் தொங்கவிடும் பி.வி.சி. பட்டைத் திரை. கடைக்காரர்கள் இதை ஸ்ட்ரிப் கர்ட்டன் என்பார்கள்.

வாசலில் நடப்பது என்ன?

குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்ததும் அது வாசலின் கீழ்ப்பாதி வழியாக வெளியே வழிந்து ஓடும். அதே வேளையில் மேல்பாதி வழியாக வெப்பமும் ஈரமும் கலந்த வெளிக்காற்று உள்ளே புகும். இந்த ஈரம் குளிரூட்டும் சுருளில் பனியாகப் படியும். பனி படிந்த சுருள் சரியாகக் குளிர்விக்காது. எனவே கம்ப்ரசர் நெடுநேரம் ஓடும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

மின்சாரச் செலவோடு நஷ்டம் நிற்பதில்லை. குளிர்ந்திருக்கும் தக்காளி, கேரட் மீது ஈரக்காற்று பட்டால் காய் வியர்க்கும். அந்த ஈரத்தில் பூசணம் பிடித்து அழுகல் தொடங்கும். திரை இருந்தால், பெட்டி தூக்கிச் செல்பவர் நுழையும் அளவுக்கு மட்டும் பட்டைகள் விலகி, உடனே மூடிக்கொள்ளும்.

எந்த ரகம்?

கேரட், முட்டைக்கோசு போன்றவற்றை 0 டிகிரி செல்சியஸை ஒட்டி வைக்கிறோம். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். இந்த அளவுகளில் இயங்கும் அறைக்குச் சாதாரண ரகப் பட்டையே போதும். மீன், ஐஸ்கிரீம் வைக்கும் உறைநிலை அறைகளில் சாதாரணப் பட்டை விறைத்து வெடித்துவிடும். அங்கேதான் கடுங்குளிர் தாங்கும் ரகம் தேவை. அதன் விலை அதிகம். காய்கறி அறைக்கு அதை வாங்குவது வீண் செலவு.

அகலமும் கனமும்

ஆள் மட்டும் பெட்டியுடன் போய்வரும் வாசலுக்கு 200 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனமுள்ள பட்டை ஏற்றது. தள்ளுவண்டி போகும் அகன்ற வாசலுக்கு 300 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் வேண்டும். 400 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனமுள்ளது பெரிய கிடங்குகளில் இயந்திர வண்டிகள் செல்லும் வாசலுக்கானது. கனமான பட்டை நெடுநாள் உழைக்கும் என்று எண்ணி அதைச் சிறு வாசலில் மாட்டினால், பெட்டி சுமப்பவர் முகத்தில் அடிக்கும். தொல்லை தாங்காமல் பட்டைகளைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். கட்டி வைத்த திரையால் பயனில்லை.

கனத்தைச் சரிபார்க்கத் தராசே போதும். 200 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனமுள்ள பட்டை ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். எடை வெகுவாகக் குறைந்தால் கனம் குறைவு என்று அறியலாம்.

பட்டைக் கணக்கு

பக்கத்துப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தொங்க வேண்டும். விலை மாறுவது இங்கேதான். வாசல் அகலம் 100 செ.மீ., உயரம் 200 செ.மீ. என்று கொள்வோம். இரு பக்கமும் சுவரில் 5 செ.மீ. கூடுதலாக விட்டால் 110 செ.மீ. மூட வேண்டும். 20 செ.மீ. பட்டைகள் 5 செ.மீ. படிந்தால், முதல் பட்டை 20 செ.மீ. மூடும். அடுத்து வரும் ஒவ்வொன்றும் 15 செ.மீ. மூடும். ஆக 7 பட்டைகள் போதும். படிவு 10 செ.மீ. என்றால் 10 பட்டைகள் வேண்டும். ஒரு பட்டை 2.1 மீட்டர் நீளம் என்றால், முதல் கணக்கில் 14.7 மீட்டர், இரண்டாவதில் 21 மீட்டர் பிடிக்கும்.

வாசலின் சதுர அடிக்கு இவ்வளவு என்று இரண்டு கடைக்காரர்கள் ஒரே விலை சொன்னாலும், ஒருவர் 7 பட்டையும் மற்றவர் 10 பட்டையும் கணக்கிட்டிருக்கலாம். படிவைச் சதவீதத்தில் சொன்னால், அது ஒரு பக்கத்துக்கா, இரு பக்கமும் சேர்த்தா என்ற குழப்பமும் வரும். எனவே எத்தனை பட்டை, எத்தனை செ.மீ. படிவு, எத்தனை மி.மீ. கனம் என்று விலைப்புள்ளியில் எழுதி வாங்குவது நல்லது. கொட்டகைக்குள் காற்றடிக்காமல் இருக்கும் வாசலுக்கு 5 செ.மீ. படிவு போதும். வெட்டவெளியைப் பார்த்த வாசலுக்கு 10 செ.மீ. வேண்டும்.

பொருத்தும் முறை

கதவு வெளிப்பக்கம் திறப்பதானால் திரையை உள்பக்கம் மாட்ட வேண்டும். அறையின் ஈரத்தில் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே எவர்சில்வர் சட்டமும் திருகுகளும் கேட்டு வாங்குங்கள். சுவரில் போட்ட துளைகளை ஈரம் புகாதபடி அடைத்துவிட வேண்டும். அறையின் மின்விசிறிக் காற்று நேராகத் திரையில் அடிக்கலாகாது. பட்டைகளை ஓரிரு நாள் தொங்கவிட்டு, சுருள் நிமிர்ந்த பிறகு, தரையிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் வெட்டிச் சமன் செய்யலாம்.

பராமரிப்பு

எல்லோரும் உரசிச் செல்வதால் பட்டையில் அழுக்கும் மண்ணும் சேரும். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்துணி நனைத்துத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைக் கொண்டு துடைக்கலாகாது. நடுப்பட்டைகள் விரைவில் கீறி மங்கும். எதிரே வருபவர் தெரியாவிட்டால் மோதல் நேரும். மங்கிய பட்டையை மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம். வாங்கும்போதே இரண்டு பட்டைகள் உபரியாக வாங்கி வைப்பது நல்லது. கூடத்து வெயில் பட்டால் பட்டை மஞ்சளாகி இறுகும் என்பதால், வாசலுக்கு நிழல் இருக்க வேண்டும்.

முதலில் கதவைப் பாருங்கள்

திரை கதவுக்கு மாற்று ஆகாது. சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மட்டுமே அது துணை. வேலை முடிந்ததும் கதவை மூடியாக வேண்டும். கதவு ஓரத்து ரப்பர் சரியாக உள்ளதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை முதலில் மாற்ற வேண்டும். நாளில் ஓரிரு முறை மட்டும் திறந்து உடனே மூடும் அறையில் திரையால் பெரிய மிச்சம் இராது. அடிக்கடி திறக்கும் அறையில்தான் போட்ட பணம் திரும்பும்.

இதை அறிய மின் மீட்டரே போதும். திரை மாட்டுவதற்கு முன் ஒரு வாரமும், மாட்டிய பின் ஒரு வாரமும், ஏறத்தாழ ஒரே அளவு சரக்கு வந்துபோகும் நாட்களில், யூனிட் கணக்கைக் குறித்து வாருங்கள். அந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் வைத்தால், செலவு தகுமா என்பதை உறுப்பினர்களே முடிவு செய்துகொள்ளலாம்.