மணி அடித்தவன்

எட்டு வயதிலேயே எனக்கு லத்தீன் தெரியும். பொருள்தான் தெரியாது. சாமியார் 'தொமினுஸ் வோபிஸ்கும்' என்றால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வாய்ப்பாட்டை ஒப்பிப்பது போல ஒப்பித்து, பூசைக்கு உதவும் பையன் ஆகிவிட்டேன். அது 1960-களின் தொடக்கம்.

சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். வாசகங்கள் முணுமுணுப்பாகக் காதில் விழும். பெண்கள் பக்கத்தில் அம்மா முட்டி போட்டு செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். நான் மணியை அடித்தால் தலை குனிவாள், மறுபடி அடித்தால் நிமிர்வாள். கடவுள் பேசுகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. என்ன பேசினார் என்று அவள் கேட்டதும் இல்லை.

அதற்காக இறைவார்த்தை எங்களை எட்டவே இல்லை என்று சொன்னால் பாவம். பிரசங்கம் தமிழில்தான். தபசு காலத்தில் விளக்கு மங்கிய கோயிலில் வியாகுல பிரசங்கத்தை ஒப்பாரி ராகத்தில் வாசிக்க, கிழவிகள் தேம்பி அழுவார்கள். பாஸ்கு நாடகத்தில் யூதாசாக நடித்தவரை ஒரு வாரத்துக்குச் சிறுவர்கள் தெருவில் விரட்டுவார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்லவைத்து மனப்பாடமாக்கினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற ஞானோபதேச நூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. ஆனாலும் எங்களுக்கு எல்லாம் காது வழியாக வந்த வேதம். வீட்டில் வேதப் புத்தகம் இருக்காது. தரங்கம்பாடியில் லுத்தரன் குரு சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715-லேயே தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார். ஆனால் அது 'அவர்கள்' புத்தகம். பக்கத்து வீட்டு லுத்தரன் பெரியவர் திண்ணையில் அதை விரித்து வைத்து வாசிக்கும்போது, கொஞ்சம் பொறாமையோடும் கொஞ்சம் பயத்தோடும் எட்டிப் பார்ப்போம்.

பிறகு ரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பரில் வந்த வழிபாட்டு ஏடு, மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. 1965 நவம்பரில் வந்த இறைவெளிப்பாட்டு ஏடு, விசுவாசிகள் எல்லாருக்கும் வேதம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றது. எங்கள் ஊரில் பீடம் திரும்பியது. சாமியாரின் முகம் தெரிந்தது. சொற்களும் மாறின. பூசை திருப்பலி ஆயிற்று, பிரசங்கம் மறையுரை ஆயிற்று, சர்வேசுரன் இறைவன் ஆனார், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவி ஆனார். அம்மா மட்டும் சாகும்வரை சர்வேசுரனிடம்தான் பேசினாள். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் வந்தது. திண்ணைப் பெரியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இன்று என் மருமகள் ஞாயிறு வாசகம் வாசிக்கிறாள். சனிக்கிழமை இரவு அடுப்பில் குழம்பு கொதிக்க, கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து ஒத்திகை பார்க்கிறாள். 'தெசலோனிக்கர்' வரும் வாரம் வீடே சேர்ந்து உச்சரிக்கும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் மீன் விற்கும் அக்கா, வாசித்த வசனத்துக்குத் தன் கடனையும் மகன் படிப்பையும் வைத்தே விளக்கம் சொல்கிறாள். எந்தச் சாமியாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. விடிந்தால் போதும், ரோஜாப்பூ படத்தோடு பத்து வசனம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பாதியைப் படிக்காமலே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறேன்; இது நான் புதிதாகக் கற்ற லத்தீன்.

எபிரேயத்தில் 'தாவார்' என்றால் சொல் என்றும் பொருள், செயல் என்றும் பொருள் என்று ஒரு மறையுரையில் கேட்டேன். தொடக்க நூலில் கடவுள் உலகத்தைக் கையால் செய்யவில்லை, சொல்லிச் செய்தார். மழை நிலத்தை நனைக்காமல் வானத்துக்குத் திரும்பாததுபோல அவர் சொல்லும் வெறுங்கையோடு திரும்பாது என்கிறார் எசாயா. யோவான் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வாக்கே மனிதனாகப் பிறந்தது என்கிறார். ஆகவே கிறிஸ்தவனுக்கு இறைவார்த்தை முதலில் ஒரு ஆள், அப்புறம்தான் புத்தகம். புத்தகத்தை மூடி வைக்கலாம். ஆள் எதிரே நின்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய் என்கிற மத்தேயு நற்செய்திப் பகுதி பழைய முறையில் ஆண்டுதோறும் வந்தது. பெந்தகோஸ்துக்குப் பின் ஐந்தாம் ஞாயிறு லத்தீனில் வாசிப்பார்கள். அம்மா தன் அண்ணனோடு பதினாறு வருடம் பேசவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த வாசகத்தின்போது மணிகளை உருட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது மூன்று ஆண்டுச் சுழற்சி. மத்தேயு ஆண்டில் பொதுக்காலம் ஆறாம் ஞாயிறு அந்தப் பகுதி வருகிறது. அன்றைக்கு முதல் வாசகம் சீராக்: நெருப்பும் நீரும் உன் முன் இருக்கின்றன, விரும்பியதற்குக் கையை நீட்டு என்று பொருள்படும் பகுதி. மருமகள் தடுமாறாமல் வாசித்தாள். சாமியார் நற்செய்தியை மைக்கில், நல்ல தமிழில், ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு நின்று கேட்டேன். வரப்புத் தகராறில் என்னோடு பேச்சை விட்ட தம்பி மூன்று வரிசைக்கு முன்னால் நின்றான். அவன் பிடரி நரைத்திருந்தது.

காணிக்கைப் பை வந்தது. நூறு ரூபாய் நோட்டு கையில் மடிந்திருந்தது. பையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன். நோட்டு இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.