பிளானை மாற்றுமுன் ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள்

 

நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு வந்த மனுக்களில் ஒன்று எங்களை யோசிக்க வைத்தது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் மொபைல் டேட்டா ரீசார்ஜ் செய்ய உதவி கேட்டு ஒரு தாய் எழுதியிருந்தார். வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வேகம் போதவில்லை என்று 40 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக உயர்த்தியும் விட்டார்கள். ஆனாலும் பிள்ளைகள் படிக்கும் பின் அறையில் ஆன்லைன் வகுப்பு நின்று நின்றுதான் வருகிறதாம். வளைகுடாவில் இருக்கும் கணவர் அனுப்பும் பணத்தில், இணையத்துக்கென்று மாதாமாதம் இரட்டைச் செலவு.

நமது தொண்டர்கள் இருவர் அந்த வீட்டுக்குச் சென்று பார்த்தார்கள். ரவுட்டர் முன் அறையில், டிவி அலமாரிக்குள், கதவு சாத்திய நிலையில் இருந்தது. அதை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அளந்தால் வேகம் 90-ஐத் தாண்டியது. பின் அறையில் 4 மட்டுமே வந்தது. ஃபைபர் வயரை நீட்டி, ரவுட்டரை நடு ஹாலின் சுவரில் உயரமாக மாட்டச் செய்தோம். பின் அறையில் வேகம் 30-ஐத் தாண்டியது. வயரை நீட்டிக் கொடுத்தவருக்கான கூலி மட்டுமே செலவு. அடுத்த மாதம் அவர்கள் பழைய பிளானுக்கே திரும்பினார்கள். "எங்களுக்கு ரீசார்ஜ் உதவி வேண்டாம், தேவையுள்ள வேறு பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று அந்தத் தாயே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ்.

நமதூரில் இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கலாம். எனவேதான் இந்தக் கட்டுரை.

வேகம் இரண்டு வகை

வீட்டுக்குள் வரும் லைனின் வேகம் ஒன்று. ரவுட்டரிலிருந்து நம் கைப்பேசிக்கு வரும் வைஃபை வேகம் மற்றொன்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தாலும், கொல்லைப்புறக் குழாய் அடைத்திருந்தால் அங்கே சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதற்காகத் தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை. பிளானை உயர்த்துவது தொட்டியைப் பெரிதாக்குவது போன்றது. அடைப்பு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் இணையுங்கள். ஸ்பீட்டெஸ்ட் செயலி அல்லது ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகத்தை அளக்கலாம். இரண்டும் இலவசம். வீட்டில் மற்றவர்கள் இணையத்தைப் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து மூன்று முறை அளந்து எழுதி வையுங்கள்.

1. ரவுட்டரிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில், காலையில்.
2. அதே இடத்தில், இஷாவுக்குப் பிறகு.
3. வேகம் குறைவாக இருக்கும் அறையில்.

முதல் அளவு பிளானின் வேகத்துக்கு அருகில் இருந்து, மூன்றாவது மட்டும் மிகக் குறைவாக இருந்தால், குறை வீட்டுக்குள்தான். அதை நாமே சரிசெய்யலாம். காலையில் நன்றாக இருந்து இரவில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே குறைந்தால், நிறுவனத்தின் லைனில் நெரிசல் என்று பொருள். எப்போது அளந்தாலும் பக்கத்திலேயே குறைவு என்றால், குறை லைனிலோ ரவுட்டரிலோ இருக்கலாம்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்துகிறோம். பிளானில் சொல்லப்படும் எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். நாம் இறக்கும் கோப்பின் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் லைனில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 5 மெகாபைட்தான் இறங்கும். இதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம்.

தேவையையும் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். ஒரு வீடியோ வகுப்புக்கு ஓரிரு எம்பிபிஎஸ் போதும். தெளிவான எச்.டி. வீடியோவுக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு, ஒழுங்காக வந்து சேரும் 40 எம்பிபிஎஸ் தாராளம்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

வயர் எந்த ஜன்னல் வழியாக வருகிறதோ அங்கேயே ரவுட்டரை வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நமதூர் வீடுகள் பல, தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீண்டவை. முன் அறையில் வைத்த ரவுட்டரின் அலையில் பாதி தெருவுக்குத்தான் போகும்.

• வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.
• இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, டிவியின் பின்புறம் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். உலோகமும் தண்ணீரும் அலையைத் தடுக்கும். கம்பி போட்ட கான்கிரீட் சுவரும் அப்படித்தான்.
• வெளியே ஆன்டெனா இருந்தால் நேராக நிமிர்த்தி வையுங்கள். நிமிர்ந்த ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில் பரப்பும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வைத்துப் பாருங்கள்.
• மேலே துணியோ அலங்கார உறையோ போட்டு மூடாதீர்கள். சூடானால் ரவுட்டர் திணறும்.

ஃபைபர் வயரை நீங்களே இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினாலே வேகம் குறையும், உடைந்தால் இணைப்பே போய்விடும். இடம் மாற்ற நிறுவன ஊழியரையே அழையுங்கள்.

2.4-ஆ, 5-ஆ?

இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலும் பக்கத்து அறையிலும் 5-ல் இணையுங்கள். தூரத்து அறையில் 2.4 நல்லது.

2.4-ல் மட்டும் இயங்கும் பழைய ரவுட்டர் வைத்துக்கொண்டு 100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தால், சாதாரணக் கைப்பேசியில் அதில் பாதியே வந்து சேரும். லைனில் வருவதை அந்த ரவுட்டரால் கைப்பேசிக்குக் கொண்டுசேர்க்க முடிவதில்லை. இந்த வீடுகளில் மட்டும், பிளானைக் குறைத்துவிட்டு ரவுட்டரை மாற்றுவது லாபம்.

2.4-ல் இன்னொரு தொல்லை நெரிசல். நெருக்கமான தெருவில் பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் ஒரே அலைவரிசையைப் பங்கிடுகின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே சென்றால், வயர்லெஸ் பகுதியில் சேனலை மாற்றலாம். மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்து அளந்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அடுப்பு ஓடும்போது சமையலறைப் பக்கம் வைஃபை தடுமாறுவது அதனால்தான்.

வேகத்தைத் தின்பது யார்?

நாம் பார்க்காமலேயே இணையத்தை இழுப்பவை பல. கைப்பேசியிலிருந்து புகைப்படங்கள் தானாக மேலேற்றப்படுவது, வாட்ஸ்அப் பேக்கப், செயலிகளின் அப்டேட், ஆன்லைனில் பதிவாகும் கண்காணிப்பு கேமரா ஆகியவை முக்கியமானவை. இவற்றை இரவு தூங்கும் நேரத்துக்கு மாற்றி வையுங்கள். மேலேற்றும் பாதை நிரம்பிவிட்டால் வீடியோ அழைப்பு முதலில் திணறும்.

மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால், பிளானின் டேட்டா வரம்பைப் பாருங்கள். "அன்லிமிடெட்" என்று சொல்லப்படும் பிளான்களிலும் ஒரு வரம்பு இருக்கும். பல பிளான்களில் அது 3300 ஜிபி, விலை குறைந்தவற்றில் அதைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் அந்த மாதம் முடியும்வரை வேகம் குறைக்கப்படும்.

பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டு தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்து, நீளமான புதிய பாஸ்வேர்டு வையுங்கள். விருந்தினருக்கென்று ரவுட்டரிலேயே தனி "கெஸ்ட்" வசதி உண்டு. நம் இணைப்பில் யாராவது தவறு செய்தால், விசாரணை முதலில் நம் வீட்டுக்குத்தான் வரும். அதேபோல், அடுத்த வீட்டாரின் வைஃபையை அவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துவது, பிறர் பொருளைக் கேட்காமல் எடுப்பதே ஆகும். பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வோம்.

நீண்ட வீடும் மாடி வீடும்

ரவுட்டரை நடுவில் வைத்தும் கடைசி அறைக்கு எட்டவில்லையா? சிறந்த வழி, அந்த அறை வரை ஒரு லேன் வயர் இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக வைப்பது. லேன் வயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே பெரும்பாலும் இதற்குப் போதும். வயர் இழுக்க முடியாத வீட்டுக்கு மெஷ் கருவிகள் உண்டு, விலைதான் கூடுதல். மலிவான ரிப்பீட்டர்கள் பல, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். அதை வாங்கினால், அலை நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். அலையே இல்லாத அறையில் வைத்துப் பயனில்லை.

வளைகுடா அழைப்புகள்

"வாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தால் இணைப்பே கிடைப்பதில்லை" என்று துபாய், அபுதாபியில் உறவினர் உள்ள குடும்பங்கள் சொல்வதுண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கு அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச முடியும். இதற்காக இங்கே பிளானை உயர்த்தி ஒரு பயனும் இல்லை.

குறை லைனில் இருந்தால்

ரவுட்டர் பெட்டியில் "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் கோளாறு. மற்றபடி, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டும் பக்கத்திலேயே வேகம் குறைவாக இருந்தால், நீங்கள் எழுதி வைத்த அளவுகளுடன் வாடிக்கையாளர் சேவையில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு கிடைக்கவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் விதிப்படி இந்த மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.

வீண் விரயத்தைத் தவிர்ப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பு. வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பும் பணத்தில், பயன்படாத வேகத்துக்காகப் போகும் ரூபாயும் விரயமே. அது பிள்ளையின் புத்தகத்துக்கோ ஒரு ஏழையின் வீட்டுக்கோ போகட்டும்.

மூன்று அளவுகளையும் எடுத்த பிறகும் குறை எங்கே என்று புரியவில்லையென்றால், அந்தத் தாளுடன் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். ஆண்கள் இல்லாத வீடுகளுக்குப் பெண் தொண்டரையும் சேர்த்து அனுப்புவோம். நல்ல நிலையில் உள்ள பழைய ரவுட்டர் உங்களிடம் இருந்தால் கொடுத்து உதவுங்கள், தேவையுள்ள மாணவர் வீட்டில் அது பயன்படும். நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் எளிதாக்குவானாக. ஆமீன்.