மணல்மேட்டில் பிறந்த மைதானம்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி எக்கியார்குப்பத்துக் கடற்கரையில் நின்று பாருங்கள். ஏர் பிடிக்க உதவாத மணல். அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் அதற்கு ஏற்ற பயிர். படகேற்றவும் வலை உலர்த்தவும் குப்பத்து மக்களுக்கு அது பொதுவிடம். இந்த மணலில் வேறென்ன விளையும் என்று கேட்கிறீர்களா? ஸ்காட்லாந்தில் இதுபோன்ற கடற்கரைத் தரிசில் ஓர் ஆட்டமே விளைந்தது. அதுதான் கோல்ப்!

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் 'பழைய மைதானம்' உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே பந்தாடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1552-லேயே சாசனம் எழுதப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் 18 குழிக் கணக்கும் 1764-ல் அங்கே பிறந்ததுதான்.

முயல் வழக்கு

அந்த மைதானத்துக்கும் ஆபத்து வந்தது. 1797-ல் நகரசபை கடனில் மூழ்கி நிலத்தைக் கைவிட்டது. வாங்கியவர்கள் முயல் வளர்த்தார்கள். முயல்கள் வளை தோண்டின. ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சச்சரவு, 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே ஓய்ந்தது. 1894-ல் நகரமே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இப்போதைய எதிரி முயல் அல்ல, பந்து! புதிய பந்தும் மட்டையும் வெகுதூரம் பாய்வதால், பழைய மைதானங்கள் சிறுத்துவிட்டன. 2000-ல் 7,115 கெஜமாக இருந்த பழைய மைதானம், 2022 போட்டிக்கு 7,313 கெஜமாக நீண்டது. 2012-ல் மணற்குழிகளை மாற்றியபோது கண்டனங்கள் கிளம்பின. கடைசியில், காலுக்கேற்பச் செருப்பை வெட்டுவதே முறை என்று ஆட்ட விதிகளை வகுப்போர் உணர்ந்தனர். பந்தின் பாய்ச்சலைக் குறைக்கும் விதியை 2023 டிசம்பரில் அறிவித்தனர்.

கிண்டியில் நடந்தது

நம் நாட்டுக்கும் கோல்ப் புதிதல்ல. கல்கத்தாவில் 1829-லும், கொடைக்கானலில் 1895-லும் சங்கங்கள் தோன்றின. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் தடத்தின் நடுவே ஜிம்கானா கிளப்பின் மைதானம் அமைந்தது. சுமார் 160 ஏக்கர் கொண்ட அந்தப் பந்தய நிலம் 1945-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகைப் பாக்கித் தகராறு முற்றி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குச் சீல் வைத்தது. மழைவெள்ளத்தைத் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன, பூங்காவும் அறிவிக்கப்பட்டது, வழக்குகளும் எழுந்தன.

வெள்ளத்தில் தத்தளித்த நகரத்துக்குக் குளம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பழைய புல்வெளியின் அருமையும் பொய்யல்ல. ஆனால் உறுப்பினர் தவிரப் பிறர் கால் வைக்காத இடத்துக்காக ஊரே திரண்டு வாதாடும் என்று எதிர்பார்க்க முடியுமா?

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நாட்கள் மட்டும் விலக்கு. அன்று மைதானம் பூங்காவாகிவிடும். குழந்தைகளும் நாய்களும் ஓடித் திரியும். மட்டையே பிடித்தறியாத கிழவிக்கும் அது 'எங்கள் மைதானம்'. வேலியைவிட வலிய காவல் அந்த ஒரு சொல்தான்.

எக்கியார்குப்பத்து மணலுக்கும் அதே நியாயம்தான். 'எங்கள் கரை' என்று ஊரார் சொல்லும்வரை அதற்குக் காவல் உண்டு.